பல்லாங்குழியில் பகா எண்: 7-இலிருந்து 19 வரை

போன ஞாயிறு மாலை நாலரை மணிக்கு, நான்கடிப் பலகையில் ஒட்டியிருந்த 19 காகிதக் கப்பிலும் ஒவ்வொரு கொட்டை நின்றது. அதாவது 2¹⁹ − 1 = 524287 பகா எண். அந்த எண்ணை எதனாலும் வகுத்துப் பார்க்கவில்லை. கொட்டை போட்டோம், எண்ணினோம், இரண்டை எடுத்து அடுத்த கப்பில் ஒன்று போட்டோம். நாலு ஞாயிற்றுக்கிழமையும் 220 ரூபாயும் மகளின் பொறுமையில் பெரும்பகுதியும் செலவு. நடுவில் சொதப்பியதெல்லாம் மறந்துபோகும் முன் எழுதி வைக்கிறேன்.

எடுவார்ட் லூகாஸ் என்ற பிரெஞ்சுக் கணிதர் 1876-இல் 2¹²⁷ − 1 பகா எண் என்று அறிவித்தார். 39 இலக்கம். கணினி இல்லாத காலம். 1951 வரை, 75 வருஷம், அதைவிடப் பெரிய பகா எண் ஒன்றும் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக் காட்டுவார்களே, மூன்று குச்சியில் தட்டுகளை மாற்றும் ஹனாய் கோபுரம், அதுவும் இவர் செய்ததுதான். 127-க்கு 127 கட்டம் போட்ட சதுரங்கப் பலகை மாதிரி ஒன்றில் காய் வைத்து இந்தக் கணக்கைச் செய்யலாம் என்று அவர் விவரித்திருக்கிறார் என்று படித்ததும் எனக்குக் கை அரித்தது. மாசியில் வீட்டில் வருஷப் புளி வாங்கிக் கொட்டை எடுத்திருந்தார்கள். காய்க்குப் பஞ்சமில்லை.

ஏன் சரியாக வருகிறது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது என் பலத்துக்கு மீறியது. செய்ய வேண்டியது மட்டும் இது. 4-இல் தொடங்க வேண்டும். அதன் வர்க்கத்தை எடுத்து, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்தால் வரும் மீதியை வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதிக்கு மறுபடி அதே வேலை. 2⁷ − 1 என்றால் 5 தடவை, 2¹⁹ − 1 என்றால் 17 தடவை. அடுக்கைவிட எப்போதும் இரண்டு குறைவு. கடைசியில் மீதி 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். அடுக்கு மட்டும் 2-ஐத் தவிர்த்த ஒரு பகா எண்ணாக இருக்க வேண்டும். லூகாஸ் 127-க்கு 4-இல் அல்ல, 3-இல் தொடங்கினார். 4-இல் தொடங்கும் இந்த எளிய வடிவம் 1930-இல் லெமர் என்ற அமெரிக்கர் ஒழுங்குபடுத்தியது.

முதல் ஞாயிறு, பரணிலிருந்து அம்மாவின் பல்லாங்குழிப் பலகையை இறக்கினேன். இரண்டு வரிசை, வரிசைக்கு 7 குழி. 2⁷ − 1, அதாவது 127-க்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. குழிகளுக்கு வலப்பக்கத்திலிருந்து 1, 2, 4, 8, 16, 32, 64 என்று சாக்பீஸால் எழுதினேன். ஒரு குழியில் இரண்டு கொட்டை சேர்ந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு அடுத்த குழியில் ஒன்று போட வேண்டும். 64 குழியில் இரண்டு சேர்ந்தால் 128. அதை 127-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே அந்தக் கொட்டை சுற்றி வந்து 1 குழியில் விழும். வகுத்தல் என்ற வேலையைப் பலகையின் வட்டமே செய்துவிடுகிறது. பல்லாங்குழி ஆடியவர்களுக்கு இது புதிதாகவே தோன்றாது.

வர்க்கம் எடுப்பதற்கு இரண்டாவது வரிசை. மேல் வரிசையில் எண். அதில் கொட்டை இருக்கும் ஒவ்வொரு குழிக்கும் ஒரு தடவை, மொத்த எண்ணையும் அத்தனை இடம் தள்ளிக் கீழ் வரிசையில் போட வேண்டும். 1 குழி என்றால் தள்ளாமல் அப்படியே, 2 குழி என்றால் ஓர் இடம் தள்ளி, 4 குழி என்றால் இரண்டு இடம் தள்ளி. ஓரத்தைத் தாண்டுவது மறுபக்கம் வந்து விழும்.

14-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மேலே 2, 4, 8 குழிகளில் ஒவ்வொன்று. மூன்று தடவை தள்ளிப் போட்டதும் கீழே 4 குழியில் 1, 8-இல் 2, 16-இல் 3, 32-இல் 2, 64-இல் 1. மொத்தம் 9 கொட்டை. இரண்டிரண்டாக ஏற்றிக்கொண்டே போனால் 64-இலும் 4-இலும் ஒவ்வொன்று நிற்க, ஒன்று சுற்றி வந்து 1-இல் விழும். 69. இப்போது 2 கழிக்க வேண்டும், 2 குழியோ காலி. 4 குழியில் இருக்கும் கொட்டையை எடுத்து 2 குழிக்கு இரண்டாக இறக்கி, அதில் ஒன்றை வெளியே எடுத்தேன். 67. காகிதத்தில் 14 × 14 = 196, கழித்தல் 2 = 194, கழித்தல் 127 = 67. சரி.

அடுத்த படியில் 42 வர வேண்டும். எனக்கு மூன்று தடவையும் வேறு வேறு எண் வந்தது. காரணம் கணக்கில் இல்லை, கையில். பல்லாங்குழியில் நம் வரிசையில் கை இடமிருந்து வலமாகப் போகும். நான் எழுதியிருந்த எண்களோ வலமிருந்து இடமாக ஏறின. கவனம் சற்று நழுவினாலும் கொட்டை பழக்கப்பட்ட பக்கம் போய் விழுந்தது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “தப்புப் பக்கம் போடுறே. அதுசரி, ஆடுறதுக்கு ஆள் வேணும்னா கூப்பிட வேண்டியதுதானே, எதுக்குடா தனியா ஒக்காந்து ஆடுறே?”

சாக்பீஸை அழித்து, 1-ஐ இடது கோடியில் எழுதினேன். எண்ணைப் படிப்பதற்கு இது தலைகீழ்; 1, 2, 4, 8 என்று இரட்டிக்கும் இடங்களில் எண்ணை எழுதுவதற்கு இருமம் என்று பெயர்; எட்டாவது படிக்கும் மகள் “இருமத்துல ஒண்ணு வலது பக்கம்தான்ப்பா வரும்” என்று கடைசிவரை சண்டை போட்டாள். ஆனால் அதற்குப் பிறகு ஏற்றும் வேலையில் ஒரு தவறும் வரவில்லை. 4, 14, 67, 42, 111 என்று வரிசையாக வந்தது.

111-இல்தான் இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. மேல் வரிசையில் 16 குழி மட்டும் காலி, மற்ற ஆறிலும் ஒவ்வொன்று. ஆறு தடவை ஆறு கொட்டை, 36. போட்டு முடித்துப் பார்த்தால் கீழே எல்லாக் குழியிலும் ஐந்தைந்து, 2 குழியில் மட்டும் ஆறு. கழிக்க வேண்டிய 2 என்பது அந்த ஆறாவது கொட்டைதான். எடுத்தேன். ஏழு குழியிலும் ஐந்து. ஏற்றத் தொடங்கினால் ஒரு சுற்றும் கொஞ்சமும் போய், கடைசியில் எல்லாக் குழியிலும் ஒன்று. 1 + 2 + 4 + 8 + 16 + 32 + 64 = 127. 127-ஆல் வகுத்தால் மீதி இல்லை. 127 பகா எண் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும்தான். அதைக் கொட்டை வந்து சொன்னது வேறு மாதிரி இருந்தது.

அப்புறம் ஆசை பெருகியது. அடுத்தது 2¹³ − 1, அதாவது 8191. அதற்கு 13 குழி வேண்டும்.

முதலில் தண்ணீர் பாட்டில் மூடிகளை அட்டையில் வரிசையாக ஒட்டினேன். மேலே 13, கீழே 13. மூடியின் உள் அகலம் 28 மில்லிமீட்டர். நாலு புளியங்கொட்டைக்கு மேல் நிற்காது, ஐந்தாவது உருண்டு பக்கத்து மூடியில் விழும். 3953 என்று ஒரு படி வருகிறது. அதில் 8 கொட்டை, ஆகவே போட வேண்டியது 64. மூடிக்கு ஏறக்குறைய ஐந்து. சேரச் சேர அப்போதே இரண்டிரண்டாக ஏற்றிவிட்டால் மூடி நிறையாதே என்று யோசித்தேன். அது இன்னும் மோசம். போடுவதற்கு நடுவில் ஏற்றினால், எத்தனையாவது தள்ளலில் இருக்கிறோம் என்பது மறந்துபோகிறது. ஏற்றுவதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். அதற்குப் பாத்திரம் பெரிதாக இருந்தாக வேண்டும்.

நான் வேலை பார்ப்பது ஹார்டுவேர் கடையில். அங்கே கழிவாகக் கிடந்த 12 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு, நான்கடி நீளம், ஆறு அங்குல அகலம், 120 ரூபாய்க்கு வாங்கினேன். எப்படியும் 19 வரை போகப்போகிறோம் என்று அந்த அளவுக்கே திட்டம் போட்டாயிற்று. டீக்கடைக் காகிதக் கப், வாய் அகலம் 52 மில்லிமீட்டர், 50 எண்ணம் 45 ரூபாய். இரட்டைப் பக்க டேப் 30 ரூபாய். கப்புக்கு 55 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் 19 கப்புக்கு 1045. நான்கடி என்பது 1219. தாராளம். எண்ணை வைக்கும் மேல் வரிசைக்கு அந்தப் பாட்டில் மூடிகளே போதும். அதில் ஒன்றுக்கு மேல் வராது.

டேப் வைத்து ஒட்டிய கப்புகள் வெறுமையாக இருந்தபோது மின்விசிறிக் காற்றில் ஆடின. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வாஷரை வைத்து ஒட்டியதும் நின்றன. வாஷர் கடையில் தரையில் பொறுக்கியது, கணக்கில் சேர்க்கவில்லை.

தள்ளிப் போடுவதுதான் இன்னும் தலைவலியாக இருந்தது. ஏழு இடம் தள்ளி, ஓரம் தாண்டினால் மறுபக்கம் என்று மனசுக்குள் எண்ணிப் போடுவது பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். அலுத்தால் தப்பு வரும். இதற்கு வழி கண்டது மகள். பில் மெஷினில் போடும் காகித ரோல், 25 ரூபாய். அதில் கப் இடைவெளிக்கே கட்டம் போட்டு, எண்ணை அடுத்தடுத்து இரண்டு தடவை எழுதிவிட வேண்டும். கொட்டை இருக்கும் கட்டத்தில் புள்ளி, இல்லாவிட்டால் காலி. அந்த நாடாவைக் கப் வரிசைக்கு முன்னால் வைத்து, ஏழு தள்ள வேண்டுமானால் ஏழு கட்டம் இழுத்துவிட்டு, புள்ளி எதிரே வரும் கப்பில் எல்லாம் ஒரு கொட்டை. இரண்டு தடவை எழுதியிருப்பதால் ஓரம் என்பதே கிடையாது. படி மாறும்போது புது நாடா. 17 படிக்கும் சேர்த்து ரோல் முழுவதும் தீரவில்லை.

நாடாவில் முதலில் ஒரு தவறு செய்தேன். ஒரு கட்டத்தின் முடிவில் அளவுகோலை வைத்து அடுத்த 55, அதன் முடிவில் அடுத்த 55 என்று கோடு போட்டுக்கொண்டே போனேன். கோட்டின் தடிமன் சேரச் சேர ஒரு கட்டத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. பத்தொன்பதாவது கட்டத்தில் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் விலகல். புள்ளி இரண்டு கப்புக்கு நடுவில் போய் நின்றது. அளவு டேப்பை ஒரே முனையில் பிடித்து 55, 110, 165 என்று மொத்தமாகக் குறித்திருக்க வேண்டும். கடையில் மற்றவர்களுக்கு நான் சொல்லும் புத்திமதிதான் இது.

13-க்கு முதல் ஓட்டம் தோல்வி. 11 படி முடிந்து பார்த்தால் கப்புகளில் ஏழெட்டுக் கொட்டை அங்கங்கே கிடந்தது. 8191 பகு எண் என்று பலகை சொல்கிறது, அது நிச்சயமாகப் பொய். போனில் கால்குலேட்டரை வைத்து ஒவ்வொரு படியாகச் சரிபார்த்தோம். 4, 14, 194, 4870 வரை சரி. அடுத்து 3953 வர வேண்டிய இடத்தில் 3951. 2 கழிக்க 2 கப்பிலிருந்து ஒரு கொட்டை எடுப்பதற்குப் பதில் இரண்டு கொட்டை எடுத்திருக்கிறேன். 4 போய்விட்டது. அந்த ஒரு கொட்டைக்கு மீதி ஏழு படியும் வீண்.

அன்றைக்கு இரண்டு விதி வகுத்தோம். கழிக்கும் வேலையை மகள் மட்டுமே செய்வாள். ஏற்றத் தொடங்கும் முன் மொத்தக் கொட்டையை எண்ண வேண்டும்: மேல் வரிசையில் 8 இருந்தால் கீழே 64, 5 இருந்தால் 25. எண்ணிக்கை பொருந்தாவிட்டால் அந்தப் படியை முதலிலிருந்து.

இரண்டாவது ஓட்டத்தில் 3953, 5970, 1857 என்று போய், அடுத்து 36 வந்தது. மேல் வரிசையில் வெறும் இரண்டு கொட்டை. நாலு இலக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தது திடீரென்று இத்தனை சிறிதானதும் எங்கேயோ விட்டுவிட்டோம் என்றுதான் நினைத்தோம். இரண்டு தடவை எண்ணியும் அதே. கால்குலேட்டரும் 36 என்றது. பிறகு 1294, 3470, அதன் பின் 128: பலகை முழுவதிலும் ஒரே ஒரு கொட்டை. அதை ஏழு இடம் தள்ளினால் ஓரம் தாண்டிச் சுற்றி 2 கப்பில் விழுகிறது. 2 கழி. அந்தக் கொட்டையையும் எடுத்தாயிற்று. பலகை காலி. மகள் கையை விரித்துக் காட்டி, “அவ்ளோதானா?” என்றாள்.

ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. இந்தப் பலகை எல்லாவற்றுக்கும் பகா எண் என்று தலையாட்டிவிடுமோ? 11 அடுக்குக்கு ஓட்டினோம். 2¹¹ − 1 = 2047, அது 23 × 89. ஒன்பது படியின் முடிவில் 1736 நின்றது, ஐந்து கப்பில் ஐந்து கொட்டை. பலகை இல்லை என்றும் சொல்லும் என்று தெரிந்து நிம்மதியானது. ஆனால் அந்த 1736-ஐ எப்படித் திருப்பிப் பார்த்தாலும் 23-உம் 89-உம் அதில் தெரியவில்லை. லூகாஸுக்கும் இதுதான் நடந்தது. 1644-இல் மெர்சென் என்ற பாதிரியார் பகா எண்கள் என்று பட்டியலிட்டவற்றில் 2⁶⁷ − 1 இருந்தது. அது பகு எண் என்று 1876-இலேயே லூகாஸ் காட்டினார், காரணிகளைச் சொல்லாமல். 1903-இல் கோல் என்ற அமெரிக்கக் கணிதர் ஒரு கூட்டத்தில் பேசாமல் எழுந்துபோய், 193707721-ஐ 761838257287-ஆல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார்.

மூன்றாவது, நாலாவது ஞாயிறு முழுக்க 19. 17-ஐத் தாண்டிவிட்டேன், பலகையில் கப் 19 இருக்கும்போது குறைப்பானேன். ஒரு படிக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம். நாடா எழுத மூன்று, கொட்டை போட ஐந்தாறு, எண்ண இரண்டு, மீதி ஏற்ற. 4, 14, 194, 37634 வரை பலகையே தேவையில்லை, எண் இன்னும் சுற்றத் தொடங்கவில்லை. அதற்கு மேல் 218767, 510066, 386344, 323156.

323156-இல் பத்துக் கொட்டை. நூறு வர வேண்டும், 99 வந்தது. மகள் மறுபடி எண்ணினாள். 99. காணாமல் போன கொட்டை பலகைக்கு அடியில் கிடந்தது. எந்தக் கப்பில் விழாமல் தெறித்தது என்று யாருக்குத் தெரியும்? எல்லாவற்றையும் கொட்டிவிட்டு அந்தப் படியை மறுபடி செய்தோம். எண்ணும் விதி இல்லாவிட்டால் இது கடைசியில்தான் தெரிந்திருக்கும், ஒரு ஞாயிறு போயிருக்கும். பலகை ஓரத்தில் அரை அங்குலச் சட்டம் ஒன்று அடித்திருக்க வேண்டும். அடுத்ததில் அடிப்பேன்.

நாலாவது ஞாயிறு மூன்று மணிவாக்கில் 85226-இலிருந்து அடுத்த எண் வந்தது. 81 கொட்டையை ஏற்றி முடித்து, கழித்து, மேல் வரிசைக்கு மாற்றிப் பார்த்தால் 18 மூடியில் ஒவ்வொன்று. 1024 மட்டும் காலி. 523263. எனக்கு உடனே பல்லாங்குழியின் 111 ஞாபகம் வந்தது. அங்கேயும் ஒரே ஒரு குழிதான் காலி. “வந்துருச்சு” என்றேன். “இன்னும் ஒரு படி இருக்குப்பா” என்றாள்.

அந்த ஒரு படிக்குத்தான் கொட்டை போதவில்லை. 18 தடவை 18 என்றால் 324. நாங்கள் எண்ணி வைத்திருந்தது 200. அதுவரை நூற்றிச் சொச்சத்துக்கு மேல் தேவைப்படவே இல்லை என்பதால் யோசிக்கவில்லை. பதினோராவது தள்ளலோடு 198 போய்விட்டது, கையில் இரண்டு. புளியங்கொட்டையில் மிச்சத்தை அம்மா அதற்குள் வறுத்துவிட்டிருந்தார். மகள் அடுப்படியிலிருந்து கறுப்புக் கொண்டைக்கடலை ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். 126 கடலை. எல்லாவற்றையும் போட்டு முடித்துப் பார்த்தால், கப் எல்லாம் ஒரே உயரம். எண்ணினோம்: 17, 2 கப்பில் மட்டும் 18. அந்தப் பதினெட்டாவதை எடுத்தது மகள்தான், அது அவள் வேலை. பிறகு ஏற்றி ஏற்றிச் சுற்றி வந்து 19 கப்பிலும் ஒவ்வொன்று நின்றபோது நாலரை. ஏழில் கொட்டை, பன்னிரண்டில் கடலை.

சந்தோஷம் இரவுவரை நின்றது. சாப்பிட்டபின் இன்னும் கொஞ்சம் படித்தேன். 2¹⁹ − 1-க்குக் காரணி ஏதாவது இருந்தால், அதில் ஒரு பகாக் காரணி 724-க்குள் இருந்தாக வேண்டும். 1588-இல் இத்தாலியில் கத்தால்டி என்பவர் அப்படி ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்தே இதை நிறுவியிருக்கிறார்; 128 பகா எண்கள். அதெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் காரணி 38-இன் மடங்கோடு 1 சேர்ந்ததாக இருக்க வேண்டும், 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்தச் சல்லடையில் சலித்தால் நிற்பது 191, 457, 647, மூன்றே எண். வகுத்தேன். மீதி 183, 108, 217. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மகளிடம் காலையில்தான் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்த பார்வையே போதும்.

பலகைக்காக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்தக் குறுக்குவழி சிறிய எண்ணுக்குத்தான். 2¹²⁷ − 1 என்பது

170141183460469231731687303715884105727

அதன் வர்க்கமூலமே 20 இலக்கம். சல்லடை எத்தனை நெருக்கமானாலும் வகுத்துத் தீராது. கொட்டை வழி அங்கேதான் உதவும். லூகாஸின் அந்த எண்ணுக்கு என் பலகை எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டேன். 127 கப், 55 மில்லிமீட்டர் வீதம் ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். ஒரு படியில் பாதிக் கப்பில் கொட்டை என்று வைத்தால் 64 தடவை 64, நாலாயிரத்துச் சொச்சம். 125 படி. மொத்தம் ஐந்து லட்சத்துக்கு மேல் கொட்டை போட வேண்டும். விநாடிக்கு ஒன்று என்றாலும் 142 மணி நேரம், அதுவும் போடுவதற்கு மட்டும். எண்ணுவது, ஏற்றுவது, பலகைக்கு அடியில் தேடுவது தனி. அந்த மனிதர் இதை எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்று 19-ஐ முடித்த பிறகுதான் உண்மையில் உறைத்தது.

ஆகவே 127-ஐ லேப்டாப்பில் பைத்தான் நிரல்மொழியில் ஐந்து வரியாக எழுதினேன். எண்டர் தட்டிய விரலை எடுக்கும் முன் 0 வந்துவிட்டது. கடைசிக்கு முந்தைய படியை மட்டும் இருமத்தில் அச்சிட்டுப் பார்த்தேன். 127 இடம், 126 இடத்தில் ஒரே இலக்கம், அறுபத்தைந்தாவது இடத்தில் மட்டும் வேறு. பல்லாங்குழியில் ஒரு குழி, பலகையில் ஒரு கப், இங்கேயும் ஒரே ஓர் இடம். 2024 அக்டோபரில் 2-இன் 136279841-ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்த எண், 4 கோடியே 10 லட்சம் இலக்கம், பகா எண் என்று அறிவித்தார்களே, அதை உறுதி செய்ததும் இதே 4-இல் தொடங்கும் சோதனைதான்.

அடுத்தது 31. 2³¹ − 1 = 2147483647; 1772-இல் ஆய்லர், 248-இன் மடங்கோடு 1 அல்லது 63 சேர்ந்த எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்து நிறுவியது. எங்களுக்கு 29 படி. கப் 31, இடைவெளி 55 என்றால் 1705 மில்லிமீட்டர், ஆறடித் துண்டு வேண்டும். கப் பாக்கெட்டில் மீதி இருக்கும் 31 அப்படியே போதும். சட்டம் அடிக்க வேண்டும், கோட்டை ஒரே முனையிலிருந்து குறிக்க வேண்டும். கடைசிப் படியில் ஒரு கொட்டை வரலாம், 30 கொட்டையும் வரலாம். 30 என்றால் 900 தேவை. பக்கத்து வீட்டில் புளி உடைத்தார்கள் என்று அம்மா ஒரு பை நிறைய வாங்கி வந்திருக்கிறார். மகள் நூறு நூறாகக் கட்டிக்கொண்டிருக்கிறாள். இதை எழுதும்போது 640 ஆகியிருக்கிறது.